பெரியம்மாவுக்கு மூச்சுத் திணறல்

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை பத்து மணி பதினாறு நிமிடத்துக்கு நம் பெரியம்மாவுக்கு ஆறு பற்கள் முளைத்தன. பெரியம்மாவும் பற்களும் நலம். இந்த மகிழ்ச்சியை முன்னிட்டுப் பொது விடுமுறை எதுவும் விடப்படவில்லை.

நானும் நலம். உன் நலமறிய ஆவல். என் போனின் நலமறிய அதைவிட ஆவல். அப்பாவின் குறட்டையைப் பதிவு செய்து அம்மாவின் ஆபீஸ் குழுவில் 'காலை வணக்கம்' என்று போட்டது அவ்வளவு பெரிய குற்றமா? போனைப் பிடுங்கி, பரீட்சை முடிவு வரும்வரை மாமா வீட்டில் இரு என்று என்னை நாடு கடத்திவிட்டார்கள். ஆகவே கடிதம்.

நமக்கு ஏது பெரியம்மா என்று கேட்பாய். மாமாவின் விமானம்தான். அம்மாவை விட ஆறு வயது மூத்தது. நீள மூக்கு. காலையில் எழுப்பினால் இருமுகிறது, உட்கார்ந்த இடத்தில் எண்ணெய் சிந்துகிறது. வேறு என்ன பெயர் வைப்பது? மாமா ஆறு நாள் பல் பிடுங்குகிறார், ஏழாம் நாள் பறக்கிறார். நான் காலையில் விமானக் கொட்டகை, மதியம் மாமாவின் கிளினிக். பல் அடைக்கிற சிமெண்டைக் குழைக்கக் கற்றுக்கொண்டேன். மாமாவே அசந்துபோனார்.

கொட்டகையில் போல்ட் அங்கிள் என்று ஒருவர் இருக்கிறார். மெக்கானிக். அவர் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பெரியம்மா தரையை விட்டு எழும்ப முடியும். எந்த நட்டை முடுக்கினாலும் மூன்று முறை தொட்டுப் பார்ப்பார். சிரிப்பை மட்டும் ஒரேயடியாக இறுக்கி முடுக்கிவிட்டார்.

மூக்கில் மங்கிப்போன மஞ்சளைத் தீட்டச் சொன்னார் மாமா. தீட்டினேன். வெள்ளையும் கறுப்பும் மீந்தன. ஓட்டுபவரின் கண்ணாடிக்கு முன்னால், மூக்கின் மேல், பெட்ரோல் டேங்க்கின் மூடி உள்ளங்கை அகலத்தில் சும்மா கிடந்தது. ஒரு சிரிக்கிற வாய் வரைந்தேன். ஆறு பல். அதில் ஒன்று சொத்தை. பல் டாக்டர் வீட்டு விமானத்துக்குச் சொத்தைப் பல் இருந்தால் குடும்ப மானம் என்னாவது? அதற்கும் வைத்தியம் பார்த்துவிட்டேன். விவரம் தொழில் ரகசியம்.

மாமா பார்த்துவிட்டு, "டேய், இது உங்கம்மா மாதிரியே சிரிக்குதுடா" என்றார்.

"அம்மாகிட்ட சொல்லவா மாமா?"

"வேணாம்டா. நான் உங்க வீட்டுக்கு வந்துபோகணும்."

அழிக்கச் சொல்லவில்லை. போல்ட் அங்கிள்கூட ஒரு திருகு அளவுக்குச் சிரித்தார்.

இப்படிக்கு,
நாடு கடத்தப்பட்ட உன் தம்பி,
வாலு

———

ஏப்ரல் 12

டேய் வாலு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னைச் சுற்றியுள்ளவர்கள் நலமா என்பதுதான் என் கவலை.

நர்சிங் பயிற்சியில் எனக்கு இந்த மாதம் ஆண்கள் வார்டு. பெரிய நர்சம்மா என் ஊசி போடும் கையைப் பார்த்து, "மாவு பிசையிற மாதிரி பிடிக்காதே" என்றார். பன்னிரண்டு பேருக்கு சொட்டு மருந்து ஏற்றி, வேகம் எண்ணி, எழுதி வைக்க வேண்டும். கால் இரண்டும் என்னுடையதாகத் தெரியவில்லை.

சிரிக்கிற மூடி எல்லாம் சரி. அது வானத்தில் போகிற சாமான். விளையாட்டு காட்டாதே. மாமா செல்லம் கொடுப்பார், அந்த மெக்கானிக்குக் கோபம் வந்தால் உன்னையும் சேர்த்து முடுக்கிவிடுவார்.

அப்பாவின் குறட்டையை எனக்கும் அனுப்பியிருக்கலாம்.

அன்புடன்,
அக்கா

———

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கையில் உள்ள எண்ணெய்க் கறை போகவில்லை என்பதைத் தவிர வேறு நோயில்லை. கடிதத்தின் ஓரத்தில் இருப்பது என் கட்டைவிரல் ரேகை. பத்திரமாக வை, பின்னாளில் விலைபோகும்.

போல்ட் அங்கிள் என்னைச் சேர்த்துக்கொண்டார். இந்த வாரம் எஞ்சினில் தீப்பொறி போடும் எட்டு பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டினோம். நாலு சிலிண்டருக்கு எதற்கு எட்டு என்று கேட்டேன். "ஒண்ணு போனா ஒண்ணு. மேலே போய் ஓரமா நிறுத்திட்டு இறங்க முடியாதுல்ல?" என்றார்.

"போய் எலிவேட்டரைப் பாரு" என்றார். வால் பக்கம் மேலும் கீழும் அசையும் பலகைக்கு அதுதான் பெயர். நான் துடைப்பத்தோடு போய் நின்றேன்.

"எதுக்குடா துடைப்பம்?"

"எலி வேட்டைன்னு சொன்னீங்களே அங்கிள்."

மூன்று நொடி முறைத்தார். அப்புறம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எண்ணி வைத்திருக்கிறேன், இது இரண்டாவது சிரிப்பு.

மாமா இரண்டு முறை ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கினார். ஒவ்வொன்றும் பத்து நிமிடம். பெரியம்மா பல் தெரியச் சிரித்துக்கொண்டே போய்வந்தாள். அடுத்த ஞாயிறு நீண்ட பயணம் போகிறார். என்னை அதற்கடுத்த ஞாயிறு கூட்டிப்போவதாகச் சொன்னார். பயமா என்று கேட்டார். எனக்கா? இன்னும் ஒரு வாரம் விட்டால் கண்ணை மூடிக்கொண்டு பெரியம்மாவை முழுசாகப் பிரித்துத் திரும்பப் பூட்டிவிடுவேன். ஒரு திருகுகூட மிச்சம் விழாது.

இப்படிக்கு,
வருங்காலத் தலைமைப் பொறியாளர்,
வாலு

———

ஏப்ரல் 26

அக்கா,

மாமா உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிட்டேன்.

காலையில் கிளம்பினார். கொட்டகை வாசலில் நானும் போல்ட் அங்கிளும் நின்றிருந்தோம். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, திரும்பி வருகிற சத்தம் கேட்டது. எங்கள் தலைக்கு நேர்மேலே வந்தபோது இரண்டு முறை இருமியது. பிறகு சத்தமே இல்லை. நின்றுவிட்டது. நான் சிரிக்கக்கூடச் செய்தேன், பெரியம்மா இருமுகிறாள் என்று. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். போல்ட் அங்கிள் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

எஞ்சின் ஓடும்போது மூக்கில் சுழலும் காற்றாடி கண்ணுக்குத் தெரியாது அக்கா. அது தெரிந்தது. ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது.

ஓடுபாதைக்கு எட்டவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் உழுது போட்ட நிலத்தில் இறங்கினார். சக்கரம் ஒரு வாய்க்காலில் மாட்டி, வால் மேலே தூக்கி, மறுபடி கீழே விழுந்தது. அந்தச் சத்தம் கொஞ்சம் தாமதமாக எங்களிடம் வந்தது.

நான்தான் முதலில் ஓடிப்போனேன். மாமா வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு இருக்க வேண்டிய பக்கம் இல்லை. "பெட்ரோல் இருக்கா பாருடா" என்றார். மூடியைத் திருகினேன். அது ஸ்ஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது, எனக்குப் பதிலாக. உள்ளே பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது.

போல்ட் அங்கிள் ஒரு கால் செருப்பில்லாமல் வந்து சேர்ந்தார். மாமாவைப் பார்த்து முதலில் கேட்டது, "நான் எதை விட்டேன் டாக்டர்? எதை விட்டேன்?"

அப்புறம் எழுதுகிறேன்.

தம்பி

———

மே 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வரும் முன்பே அம்மா போன் செய்துவிட்டாள். அழுகையில் பாதி புரியவில்லை, வார்டு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு மாமாவிடமே பேசினேன். மணிக்கட்டில் இரண்டு எலும்பு. தகடு வைத்திருக்கிறார்கள். "இனிமே பல்லை இடது கையால பிடுங்கிப் பழகணும்மா, முதல்ல உன் தம்பிகிட்ட ஆரம்பிக்கிறேன்" என்றார்.

நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? உன் கடிதத்தில் ஒரு கடியும் இல்லை. அதுதான் எனக்கு பயமாக இருக்கிறது.

ஏன் நின்றது என்று தெரிந்ததா?

அக்கா

———

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது, என்னைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியம்மாவை இழுத்து வந்து சக்கரம் மாற்றினோம். காற்றாடி தப்பித்துவிட்டது. முடுக்கிப் பார்த்தால் முதல் இழுப்பிலேயே ஓடுகிறாள்! ஐந்து முறை ஓட்டிப் பார்த்தோம், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். ஒரு தும்மல் இல்லை. பெட்ரோலில் தண்ணீர் இல்லை. வடிகட்டி சுத்தம். பிளக் எட்டும் நான் சுரண்டினது, பளபளவென்று இருக்கின்றன. கார்புரேட்டரைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் பரப்பினார். குற்றம் செய்த சாமான் ஒன்றுகூட இல்லை.

விமானத் துறையிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லி, கையில் சிவப்புப் பேனா, வாயில் தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. காரணம் தெரியும்வரை போல்ட் அங்கிள் எந்த விமானத்துக்கும் கையெழுத்துப் போடக் கூடாது என்று உத்தரவு. மாமாவுக்குக் கை போச்சு, அங்கிளுக்குக் கையெழுத்து போச்சு என்று ஒரு கடி தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. ஜூன் ஐந்தாம் தேதிக்குள் காரணம் கிடைக்காவிட்டால் 'பராமரிப்புக் குறை' என்று எழுதிவிடுவாராம். அப்புறம் அந்தக் கையெழுத்து திரும்பி வராது.

அங்கிள் ஒரு மாதிரி ஆகிவிட்டார். மூன்று முறை தொட்டவர் இப்போது ஏழு முறை தொடுகிறார். பாதி டீயில் எழுந்துபோய்க் குழாயை மூடினேனா என்று பார்க்கிறார். நேற்று என்னைக் கூப்பிட்டு, "இந்த நட்டைக் காலையில முடுக்கினேனா? நீ பார்த்தியா?" என்றார்.

"முடுக்கினீங்க அங்கிள்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

கழற்றி மறுபடி முடுக்கினார்.

இப்படிக்கு,
வாலு

———

மே 18

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முந்தைய கடிதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இன்று வார்டில் ஒரு பெரியவருக்கு சொட்டு மருந்து பாதியில் நின்றுவிட்டது. பாட்டில் நிறைய மருந்து இருக்கிறது, குழாயில் அடைப்பில்லை, ஊசி சரியான இடத்தில் இருக்கிறது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. நர்சம்மா வந்து, "காத்து ஊசி எங்கேடி?" என்றார். கண்ணாடி பாட்டிலில் காற்று உள்ளே போக ஒரு தனி ஊசி குத்த வேண்டும். மருந்து இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போகாவிட்டால், கொஞ்ச நேரம் சொட்டும், பிறகு நின்றுவிடும். மறந்தது நான்தான். குத்தினேன். பாட்டில் ஸ்ஸ்ஸென்று காற்றை இழுத்தது. மறுபடி சொட்ட ஆரம்பித்தது.

அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு உன் மூடிதான் ஞாபகம் வந்தது. பெருமூச்சு விட்டது என்று எழுதியிருந்தாயே, அது சும்மா எழுதியதா, நிஜமாகவே சத்தம் வந்ததா?

இன்னொன்று. நீங்கள் ஓட்டிப் பார்த்ததெல்லாம் பத்துப் பத்து நிமிடம். அன்றைக்கு நின்றது அரைமணியை நெருங்கும்போது. நடுவில் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் பார்க்க யாராவது மூடியைத் திறந்திருப்பீர்கள்.

அந்த மூடியில் எங்காவது ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதா? எனக்கு விமானம் தெரியாது. போல்ட் அங்கிளிடம் கேட்டு உடனே எழுது.

அக்கா

———

மே 31

வாலு,

பதின்மூன்று நாளாகிறது. கடிதம் மூன்று நாளில் வந்து சேர்ந்திருக்கும்.

ஓட்டை இருந்ததா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

மாமாவுக்கு நானே போன் செய்து கேட்கலாம். கேட்கவில்லை. ஐந்தாம் தேதிவரை கேட்க மாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

அக்கா

———

ஜூன் 7

பேரன்புமிக்க அக்காவுக்கு,

நலம்! நலம்! நலம்! வெற்றி முரசு கொட்டட்டும்.

உன் சொட்டு பாட்டில் கடிதம் தபாலில் எங்கேயோ சுற்றித் தாமதமாகத்தான் வந்தது. வந்தவுடன் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு மூச்சுத் துளை இருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகத்தான் டேங்க்குக்குள் காற்று போக வேண்டும். அந்தத் துளைதான் நான் வரைந்த சொத்தை. அதைச் சுற்றித்தான் பல்லையே வரைந்தேன். சொத்தையைப் பார்த்தால் பல் டாக்டரின் மருமகன் சும்மா இருப்பானா? மாமாவின் சிமெண்டைக் குழைத்து, அடைத்து, மேலே வெள்ளை பூசிவிட்டேன். இவ்வளவு கச்சிதமான அடைப்பை மாமாவே போட்டதில்லை.

ஜூன் ஐந்து. கொட்டகையில் இன்ஸ்பெக்டர், மாவுக்கட்டோடு மாமா, போல்ட் அங்கிள். அங்கிள் தன் கையாலேயே 'என் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுக்கப் போகிற நேரம். நான் எழுந்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன். "நிறுத்துங்கள்! அடைத்தவன் நான்!" என்றேன். தகரக் கூரை அதிர்ந்தது. மாமா கண் கலங்கினார். அங்கிள் என் தோளைத் தட்டி, "தைரியசாலிடா நீ" என்றார்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. மறுபடி அடைக்கச் சொன்னார். அவர் முன்னாலேயே குழைத்து அடைத்தேன். பெரியம்மாவின் வாலைக் கம்பத்தில் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினார்கள். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. இருபது நிமிடம் ஒன்றுமில்லை. இருபத்தாறாவது நிமிடத்தில் இரண்டு இருமல். நின்றுவிட்டது.

அதே இருமல் அக்கா. அதே இரண்டு. தரையில், கட்டிப்போட்டு, ஒருவரும் அதில் பறக்காமல் இருக்கும்போதே, மாமா பக்கத்தில்தான் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அங்கிளுக்குக் கையெழுத்து திரும்பக் கிடைத்துவிட்டது. "நாங்க எல்லாரும் சிரிப்பைப் பார்த்தோம் சார், ஓட்டையைப் பார்க்கல. அதைப் பார்க்க வேண்டியது என் வேலை" என்று அவர் தானாகவே சொன்னார். அதற்காக ஒரு மாதம் இன்னொருவர் மேற்பார்வையில் இருக்க வேண்டும்.

ஆக, கண்டுபிடித்தவன் நான், காப்பாற்றியவன் நான். வாழ்த்துகளை ஏற்றுக்கொள்ளத் தயார்.

இப்படிக்கு,
அஞ்சா நெஞ்சன்,
வாலு

———

ஜூன் 14

அஞ்சா நெஞ்சனுக்கு,

நலம். நேற்று மாமாவிடம் போனில் பேசினேன். "நெஞ்சை நிமிர்த்தினானாமே?" என்றேன். "யாரு?" என்றார். அப்புறம் கட்டுப் போட்ட கை வலிக்கும்வரை சிரித்தார். "நான் சொல்லமாட்டேன், அவன் கையாலேயே எழுதட்டும்" என்று போனை வைத்துவிட்டார்.

எழுது. கூரை அதிராமல் எழுது.

அக்கா

———

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். மானம் படுத்த படுக்கை.

உன் கடிதம் தாமதமாக வரவில்லை. மே இருபத்தொன்றாம் தேதியே வந்தது. கொட்டகைக்குப் பின்னால் நின்று படித்தேன். காது இரண்டும் அடைத்துக்கொண்டன. மாமா செத்திருப்பார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதுவரைக்கும் அது விபத்தாக இருந்தது அக்கா. உன் கடிதத்தை மடித்தபோது அது என்னுடையதாகிவிட்டது.

அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது, பல் குத்தும் கம்பியால் அந்த சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டேன். ஓட்டையைத் திறந்தேன், வாயைத் திறக்கவில்லை. இனி பெரியம்மா நிற்கமாட்டாள், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்கப்புறம் யார் தேடினாலும் காரணம் கிடைக்காது. அங்கிள் தேடிக்கொண்டே இருந்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டே இருந்தேன். பதினைந்து நாள்.

அவர் என் தோளைத் தட்டவில்லை. தெரிந்த பிறகு ஒரு டயர் மேல் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நாப்பது நாளா என் கையை நானே நம்பலடா." திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் போனேன். ஒரு துணியைக் கொடுத்து, "துடை" என்றார். துடைத்தேன். தினமும் துடைக்கிறேன். எலி வேட்டைக்கெல்லாம் இப்போது அவர் தோள் குலுங்குவதில்லை.

மாமா பறக்கக் கூப்பிடுகிறார், கை ஆறும்வரை அவருடைய விமானி நண்பர் ஒருவர் ஓட்டுவாராம். வயிற்று வலி என்று இரண்டு ஞாயிறு தள்ளிவிட்டேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நான் எழுந்து நிற்கவும் இல்லை, நிமிர்த்தவும் இல்லை. ஐந்தாம் தேதி காலை, இடது கையால் ஒரு மொட்டைக் கடிதம் எழுதி, விமானக் கோளாறுகளை எழுதிப் போடக் கொட்டகையில் வைத்திருக்கும் பழுதுச் சீட்டுப் பெட்டியில் போட்டேன். 'ஐயா, டேங்க் மூடியின் மூச்சுத் துளை பல் சிமெண்டால் அடைபட்டிருந்தது. இப்போது இல்லை. மெக்கானிக் மேல் தவறில்லை. இதைக் கவனித்தால் மிக்க டேங்க்ஸ். இப்படிக்கு, நலம்விரும்பி.' போட்டுவிட்டு எண்ணெய் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

இன்ஸ்பெக்டர் பெட்டியைத் திறந்து எடுத்து, உரக்கப் படித்தார். மாமாவும் அங்கிளும் அப்படியே நின்றார்கள். அவர் கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, சிவப்புப் பேனாவை எடுத்து, "தேங்க்ஸ். எழுத்துப் பிழை" என்று சொல்லி அடித்துத் திருத்தினார்.

டிரம்முக்குப் பின்னாலிருந்து, "பிழை இல்ல சார்! டேங்க், பெட்ரோல் டேங்க்... அது ஜோக் சார்!" என்று ஒரு குரல் கேட்டது.

என் குரல்தான். உண்மைக்காக எழவில்லை அக்கா. ஜோக்குக்காகத்தான் எழுந்தேன்.

இப்படிக்கு,
தம்பி